துருப்பிடிக்கிற கத்தி

லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இரும்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் ஓடையைத் தாண்டிப் போனால், காத்துக்கறுப்பு அண்டாமல் இருக்க மடியில் இரும்பு வேண்டும். பிள்ளை பிறந்துவிட்டால் அதன் தலைமாட்டில் இரும்பு வேண்டும். இதை நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. பீலிக் குழாயில் மலைத் தண்ணீர் வரும் என்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே இருந்தது. பங்களாவில் வெள்ளைத் துரைமார் இருந்த காலம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா கவ்வாத்து வெட்டினார். வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை அது. எனக்குப் பின்னால் ஒரு தங்கை பிறந்து, தொட்டில் கட்டுவதற்குள் போய்விட்டாள். அவள் முகம் எனக்கு நினைவில்லை. பிறகு நாலு வருஷம் ஒன்றும் தங்கவில்லை. அந்த வருஷம் அம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் ஒரு அத்தை இருந்தார். உறவு இல்லை, கூப்பிட்டுப் பழகியதுதான். அம்மாவுக்கு ஐந்தாம் மாதம் ஆனபோது அவர் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா ஒரு கத்திய மடியில வெச்சுக்கச் சொல்லு. போன தடவ என்னத்த வெச்சிருந்தா? ஒரு ஆணி."

"ஆணியும் இரும்புதானக்கா."

"இரும்புதான். அதுல வெட்டு இருக்கா? ஒருத்தன் ஆணியக் காட்டி ஒன்னைய மெரட்டுனா நீ ஓடுவியா, சிரிப்பியா?"

அப்பா சிரித்துவிட்டார். அடுப்படியில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்து, "அக்கா சொல்றது சரிதாங்க" என்று மட்டும் சொன்னாள்.

முன்பெல்லாம் இது ஒரு பிரச்சினையே இல்லை. கவ்வாத்துக் கத்தி எல்லா ஆண்களுடைய வீட்டிலும் இருந்தது. ஆனால் அந்த வருஷம் மேல் டிவிசனில் இரண்டு லயத்துக்காரர்களுக்குள் வெட்டுக்குத்து நடந்து, புதிதாக வந்திருந்த துரை ஓர் உத்தரவு போட்டிருந்தார். வேலை முடிந்ததும் கத்திகளை ஸ்டோரில் கொடுத்துவிட வேண்டும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்த்தான் திரும்ப வாங்க வேண்டும். சமையல் கத்தியை யாராவது வெளியே எடுத்துப் போனாலும் காவல்காரர் பிடித்துக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். டவுனிலும் பொலிஸார் ஆட்களை நிறுத்தி மடியைத் தடவிப் பார்ப்பதாகப் பேச்சு இருந்தது.

ஆகவே கத்தி சிறியதாக இருக்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து கொழுந்து பறிக்கிறவள் வயிற்றில் குத்தாமல் இருக்க, மடக்குகிற கத்தியாக இருக்க வேண்டும். பொலிஸ்காரர் பார்த்தாலும் குற்றம் சொல்லாததாக, எங்கள் கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பதாக இருக்க வேண்டும். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சுதான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி அப்பாவும் அம்மாவும் அந்தக் கத்தியைப் பற்றிப் பேசினார்கள்.

"புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. மூத்தது கையால எடுக்கட்டும். அவ தம்பிக்குத்தானே" என்றாள் அம்மா.

தம்பி என்று அம்மா அப்போதே முடிவு செய்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் லிந்துலைக்கு இறங்கினோம். மழை விட்டு, தார் ரோட்டில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. கடைவீதியில் நானாவின் கடை. அவரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குள் நுழைந்தாலே மண்ணெண்ணெயும் புதுத்துணியும் கலந்த ஒரு வாசனை. அதை இப்போதும் என்னால் முகர முடிகிறது. மேலே அரிக்கேன் லாம்புகள் வரிசையாகத் தொங்கும். நான் எப்போதும் போல அப்பாவின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அந்நியர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. இன்றும் அப்படித்தான்.

"வாங்க தம்பி. மகளும் வந்திரிக்கி. என்ன வேணும்?"

"மடக்குக் கத்தி ஒண்ணு வேணும் நானா."

நானாவின் முகம் சுருங்கியது. "என்ன, யாரோடயாவது சண்டையா?"

"அய்யய்யோ, இல்லிங்க. வீட்டுல முழுகாம இருக்காங்க."

"அப்படிச் சொல்லுங்களேன்!" நானா முகம் தெளிந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஓர் அட்டைத் தட்டை எடுத்து வைத்தார். நீலத் தாளின் மேல் நாலு கத்திகள் படுத்திருந்தன.

முதலாவது கொம்புப் பிடி போட்டது. திறந்தபோது 'டக்'கென்று ஒரு சத்தம். நீளமான, ஊசி மாதிரி முனை. அப்பா அதை ஆசையாகப் பார்த்தார். நானா உடனே மடித்து ஓரமாக வைத்துவிட்டார். "இது பாக்கத்தான் வடிவு. இதோட பொலிஸ்ல மாட்டுனா கேஸ்தான். மொனை கூரா இரிக்கப்படாது. மடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கோணும். அப்பத்தான் பாக்கு வெட்டன்னு சொல்லிப் போட்டுத் தப்பலாம்."

இரண்டாவதில் இரண்டு அலகுகளும் போத்தல் மூடி திறக்கிற கொக்கியும் இருந்தன. அது துரைமார் வாங்குவது என்று விலை கேட்காமலே தெரிந்தது.

மூன்றாவதை நானா எடுத்துத் தன் சட்டையில் துடைத்து அப்பாவின் முன்னால் வைத்தார். சிறிய கத்தி. முனை மொட்டை. பளபளவென்று இருந்தது. குனிந்து பார்த்தால் அதில் என் கண் தெரிந்தது.

"இத எடுங்க தம்பி. சீமையில இருந்து வந்தது. மழையில பத்து வருசம் கெடந்தாலும் துருப் புடிக்காது. கழுவித் தொடச்சா புதுசு மாதிரி. வெலையும் ஒங்களுக்குக் கட்டும்."

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துருவே புடிக்காதுங்களா?"

"சத்தியமாப் புடிக்காது."

"அப்ப இது இரும்பு இல்லிங்களே நானா."

"இரும்புதான் தம்பி. கூட வேற என்னமோ சேத்திரிக்கி."

"அப்ப கலப்புங்க. எங்களுக்கு அசல் இரும்பு வேணும். துருப் புடிக்கிறதாப் பாத்துக் குடுங்க."

நானா எதிர்க் கடைக்காரருக்குக் கேட்கும்படி சிரித்தார். "நாப்பது வருசமாக் கடை வெச்சிரிக்கிறன். துருப் புடிக்கிற கத்தி தாங்கன்னு கேட்ட மொத ஆள் நீங்கதான்!"

நாலாவது கத்தி கறுப்பு மரப்பிடி போட்டது. அலகும் கறுத்து, எண்ணெய் பூசியிருந்தது. முனையைக் குறுக்கே வெட்டிவிட்டது போல இருக்கும். பிடியின் நுனியில் கயிறு கட்ட ஒரு பித்தளை வளையம். அப்பா அதை மோந்து பார்த்தார். விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"நீ எடு தாயி. ஒனக்கு எது புடிச்சிருக்கோ அத எடு."

எனக்குப் பிடித்தது பளபளப்பான கத்திதான். ஆனால் அப்பாவின் கண் கறுப்புக் கத்தியின் மேல் இருந்தது. அப்பாவின் கண் எங்கே இருந்ததோ அங்கே கையை நீட்டினேன்.

"பாத்தீங்களா, புள்ளைக்கே தெரியுது" என்றார் அப்பா.

திரும்பும்போது பாலத்தடியில் ஒரு பொலிஸ்காரர் நின்றிருந்தார். அப்பாவை நிறுத்தி மடியைத் தடவினார். கத்தியை வெளியே எடுத்து, "மொக்கக்த மே?" என்று சிங்களத்தில் அதட்டினார், இது என்ன என்று.

"புவக் கபண்ட மாத்தயா" என்றார் அப்பா. நானா சொல்லித் தந்தபடி, பாக்கு வெட்டத்தான் என்று.

பொலிஸ்காரர் அதை விரித்து மொட்டை முனையைத் தன் கட்டைவிரலில் குத்திப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "இந்தா" என்று நீட்டினார். அப்பா கையை நீட்டவில்லை. கத்தியைக் கைக்குக் கை வாங்கக்கூடாது. கீழே வைத்தால்தான் எடுக்க வேண்டும். அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. கைகட்டிக்கொண்டே நின்றார். பயந்துவிட்டார் என்று நினைத்த பொலிஸ்காரர் அதை என் கையில் திணித்துவிட்டு, கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

வழி முழுக்க அப்பா வேகமாக நடந்தார். வீட்டு வாசலில் நின்று, "அம்மாகிட்ட இதச் சொல்லாத தாயி" என்றார். நான் தலையாட்டினேன்.

அம்மா அந்தக் கத்தியை வளையத்தில் கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். மேலே, தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமல் சுற்றிக்கொள்ளும் படங்குச் சாக்கு. காலையில் மலைக்குப் போகும்போது கட்டினால் மாலையில் வந்துதான் அவிழ்ப்பாள். அவிழ்த்து, விளக்கு மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவாள். அட்டை கடித்தால் அதன் முதுகால் சுரண்டினாள். கூடைக் கயிறு நைந்தால் அதனால் அறுத்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் தேத்தண்ணிப் போத்தலோடு மலைக்குப் போவேன். நிரையில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்கள் அம்மாவைச் சும்மா விடமாட்டார்கள்.

"பாத்து நில்லுங்கடி, கத்திக்காரி வர்றா!"

"கங்காணியார் இனிமே இவ கொழுந்தக் கொறச்சு நிறுப்பாருங்கற? மடியில வெச்சிருக்காளே!"

"அந்தக் கத்திய எனக்கு ஒரு நாளைக்குக் குடுடி. எம் புருசன்கிட்டக் காட்டிட்டுத் தர்றேன்."

"மொட்டக் கத்தியக் காட்டுனா ஒம் புருசன் பாக்கு வெட்டித் தரச் சொல்லுவான்."

அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த மூன்று நாலு மாதங்களில்தான் பார்த்தேன். மாலையில் வயிற்றில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்து, இன்னொரு கையால் கத்தியை மடிப்பாள், விரிப்பாள். இரண்டே மாதத்தில் மலை மழைக்கு அலகில் செம்புள்ளிகள் விழுந்தன. அப்பா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "பாத்தியா, அசல்" என்றார்.

இனிச் சொல்லப்போவதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் தூர வீசிய டேலியாக் கிழங்கு ஒன்று எனக்குக் கிடைத்தது. துரைசாணி வளர்க்கிற பூ நம் வீட்டிலும் பூக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. லயத்துக்குப் பின்னால் அத்தை வீட்டு மாட்டுப்பட்டி இருந்தது. அதன் ஓரத்தில் சாணமும் மண்ணும் கலந்து, மெத்தென்று கறுப்பாக இருக்கும். அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். ஒரு பின்நேரம் அவள் கண்ணயர்ந்திருந்தாள். மண்வெட்டியை அப்பா கொண்டுபோய்விட்டார். ஆணியில் கத்தி தொங்கியது.

எடுத்துக்கொண்டு போய்ப் பட்டி ஓரத்தில் குழி தோண்டினேன். மொட்டை முனை மண்ணைக் கிளற மிகவும் வசதியாக இருந்தது. கிழங்கை வைத்து மூடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"பாப்பா, கத்தியப் பாத்தியா?"

நான் பேசவில்லை. பேசினால் எழுந்து போகவேண்டும், கத்தியைக் காட்டவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டின் காலுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அம்மா இரண்டு தரம் கூப்பிட்டாள். பாத்திரங்களை நகர்த்தித் தேடும் சத்தம் கேட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் வெட்டிப் போட்டிருந்த விறகு நனைந்துவிடும். அம்மா கத்தி இல்லாமலே போய்விட்டாள்.

நான் அலகைப் பாவாடையில் துடைத்து, மடித்து, ஓடிப்போய் ஆணியில் மாட்டினேன். கழுவவில்லை. கழுவப் பீலிக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள்.

அம்மா நனைந்து வந்தாள். விறகைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள் ஆணியைப் பார்த்தாள்.

"இங்கதான் இருந்துச்சா? எங் கண்ணுக்குத் தெரியலயே..."

அவள் குரல் நடுங்கியது குளிரால் என்று நினைத்தேன். கண்ணுக்கு மறைந்திருந்த இரும்பு என்றால் அதற்கு அம்மாவின் மனதில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு வேலைநாளில், காலை பத்து மணி வாக்கில் அம்மாவுக்கு வலி கண்டது. லயம் முழுவதும் காலி. தோட்டத்து மருத்துவிச்சி கீழ் டிவிசனில் இன்னொரு பேறுகாலத்துக்குப் போயிருந்தார். பிள்ளைக்காம்பரா ஆயாதான் ஓடிவந்தார். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போவது அவரிடம்தான். என்னைத் தண்ணீர் சுடவைக்கச் சொன்னார். சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று அடுப்பை ஊதினேன். கண்ணில் புகை. திரைக்கு அந்தப் பக்கம் அம்மா பல்லைக் கடிக்கும் சத்தம். பிறகு ஓர் அழுகை. கோழிக்குஞ்சு மாதிரி இல்லை. நல்ல கட்டையான அழுகை.

"ஆம்பளப் புள்ள!" என்றார் ஆயா. உடனே, "வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்லியே, புது பிளேடு இருக்கா?" என்றார்.

பிளேடு இல்லை. அம்மா தன் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்து, கத்தியைப் பாய்மேல் வைத்தாள். ஆயா எடுத்து விரித்தார். திரையை விலக்கி என்னைப் பார்த்தார்.

"இது கழுவுனதா புள்ள?"

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால், ஏன், என்ன செய்தாய் என்று கேட்பார்கள். நான் தலையாட்டினேன்.

ஆயா முந்தானையில் ஒரு தரம் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலை அப்பா சீனி வாங்கிவந்து லயம் முழுக்கக் கொடுத்தார். அத்தை, "நான் சொன்னேன்ல, சொன்னேன்ல?" என்று இரண்டு கையாலும் அம்மாவுக்குத் திருஷ்டி கழித்தார். கத்தி தம்பியின் தலைமாட்டில் இருந்தது. அவனுக்குத் தலைநிறைய முடி. என் சுண்டுவிரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான். ஐந்து நாள் நன்றாகப் பால் குடித்தான். ஆறாம் நாள் பாலுக்கு வாய் திறக்கவில்லை. அம்மா மாரை வைத்து வைத்துப் பார்த்தாள். ஏழாம் நாள் உடம்பு விறைத்தது. கதவைச் சாத்துகிற சத்தத்துக்குக்கூட வில்லாக வளைந்தான். முகம் சிரிப்பது போல இழுத்துக்கொண்டது. அத்தை முதலில் சிரிக்கிறான் என்றுதான் சொன்னார்.

எட்டாம் நாள் காலையில் டிஸ்பென்சரி ஐயா வந்தார். குனிந்து தம்பியின் தாடையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "தொப்புள்கொடிய எதால வெட்டுனீங்க?" என்று கேட்டார்.

"புதுக் கத்திங்கய்யா. இந்தப் புள்ளைக்கின்னே வாங்குனது" என்றார் ஆயா.

"கொதிக்க வெச்சீங்களா?"

ஆயா பரிதாபமாக விழித்தார். "கத்திய யாருங்கய்யா கொதிக்க வைப்பாங்க?"

ஐயா, கொழுந்து லொறி மத்தியானம் வரும், அதில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார். லொறி வருவதற்கு முன்பே தம்பி போய்விட்டான்.

அப்பா அவனைத் தன் வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தேயிலை மலை ஓரத்தில், சவுக்கு மரங்களுக்குக் கீழே குழி வெட்டினார்கள். பெயர் வைக்கவில்லை. பதினாறாம் நாள் வைப்பதாக இருந்தோம்.

அம்மா அழவே இல்லை. ஒரே ஒரு பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அன்னிக்கி இரும்பு இல்லாம ஓடையத் தாண்டிட்டேன். தேடுனேன். கண்ண மறைச்சிருச்சு. நாந்தான் புள்ளையக் குடுத்துட்டேன்." வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வந்தவர்களும், "அதான், அதான்" என்றார்கள். நான் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு வேறு எண்ணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கத்தியைத் தாளில் சுற்றிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு லிந்துலைக்குப் போனார். நானாவின் கடையில் கண்ணாடிப் பெட்டி மேல் அதை வைத்தார்.

"அசல்னு சொல்லித்தானே குடுத்தீங்க?"

நானா எங்கள் முகத்தைப் பார்த்தார். எண்ணெய் வைக்காத என் தலையைப் பார்த்தார். கேட்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. மெதுவாகக் கத்தியை எடுத்து விரித்தார். மடிப்பு இடுக்கில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நானாவும் பார்த்தார், துரு என்று நினைத்திருப்பார்.

"அசல் இரும்புதான் தம்பி. பாருங்க, துருப் புடிச்சிரிக்கி."

அப்பா அலகைப் பார்த்தார். அதோடு அவருடைய கோபம் எல்லாம் போய்விட்டது. "அப்ப ஏன் நானா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி.

நானா கடைப்பையனைக் கூப்பிட்டு இரண்டு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். அப்பா குடிக்கவில்லை. கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அந்தக் கடைப்பக்கம் அவர் போனதில்லை. ஒரு அரிக்கேன் திரி வாங்கக்கூடத் தலவாக்கலைக்குப் போனார். நானாவைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார். அந்த மனிதர் எங்களுக்குப் பளபளப்பான கத்தியைத்தான் கொடுக்கப் பார்த்தார் என்பதை அப்பா நினைத்துப் பார்த்தாரோ இல்லையோ. வேறொரு சமயம், பொலிஸ்காரர் கைக்குக் கை கொடுத்ததுதான் காரணம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்த டேலியா முளைத்தது. கருஞ்சிவப்பில் தட்டுத் தட்டாகப் பூத்தது. "யாரு நட்டா, இப்படிப் பூத்திருக்கு?" என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். முதல் பூவை அவள்தான் பறித்தாள். சவுக்கு மரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். நானும் கூடப் போனேன்.

நான் கல்யாணமாகி முதல் பிள்ளை உண்டானபோது, கிளினிக் வாங்குப் பலகையில் பத்துப் பதினைந்து பெண்களோடு கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி எதற்கு என்று ஒருத்தி முணுமுணுத்தாள். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்போம். அந்த மிஸ்ஸி நல்லவர். நின்று சொன்னார்.

"மண்ணுலயும் மாட்டுச் சாணியிலயும் ஒரு கிருமி இருக்கும்மா. அது பட்ட கத்தியால கொடிய வெட்டுனா, ஏழெட்டு நாள்ல புள்ளைக்கு வாய் பூட்டிக்கும். உடம்பு வெறச்சுடும்."

"துருப்புடிச்ச கத்தியா மிஸ்ஸி?"

"துரு இல்ல. அழுக்கு. பளபளன்னு இருந்தாலும் கொதிக்க வைக்கணும்."

என் முறை வந்ததும் ஊசி போட்டார்கள். வலித்ததா என்று மிஸ்ஸி கேட்டார். எனக்கு அழுகை வந்திருந்தது. ஊசிக்கு அழுகிற ஆளா என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அதுவரைக்கும் நான் அம்மாவின் கணக்குப்படி குற்றவாளி. அன்றிலிருந்து மிஸ்ஸியின் கணக்குப்படியும். எந்த வழியில் போய்ப் பார்த்தாலும் அந்தப் பட்டி ஓரத்தில் குந்தியிருப்பது நான்தான்.

மகன் ஆஸ்பத்திரியில் பிறந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா தன் பாக்குவெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து அவன் தலையணைக்கு அடியில் வைத்தாள். அப்பா அப்போது இல்லை. அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது.

"இத எங்கயும் எடுத்துடாத. என்னைய மாதிரி வெறும் மடியோட எங்கயும் போயிடாத" என்றாள். சொல்லிவிட்டுப் பேறுகால மருந்துக்குப் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

வெயில் அடித்த ஒரு மத்தியானம் அது. பதினாலு வருஷத்துக்கு மேல் வாய்க்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"அம்மா, அன்னிக்கிக் கத்திய எடுத்தது நாந்தான். கண்ண மறைக்கல. பட்டிக்குப் பின்னால டேலியா நட எடுத்துட்டுப் போனேன். நீ கூப்புட்டது கேட்டுச்சு. நான் பேசல."

மண்ணைப் பற்றியும் மிஸ்ஸி சொன்னதைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா பூண்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"பச்ச ஒடம்புக்காரி, என்னென்னமோ பேசாத. எம் பாவத்த நீ எதுக்கு ஏத்துக்கற? ஒரு வார்த்த பேசத் தெரியாத புள்ள நீ. எனக்காகப் பொய் சொல்லக் கத்துக்கிட்டியா?"

"பொய் இல்லம்மா."

"சரி, சரி. பேசாம படு."

அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. சொன்ன பாதியையும் அம்மா தனக்குச் சொன்ன ஆறுதலாக எடுத்துக்கொண்டாள்.

ஆனால் பிள்ளை வீட்டில் இருக்கிறான், அவன் தலைக்கடியில் பாக்கும் சுண்ணாம்பும் பட்ட இரும்பு இருக்கிறது. அம்மா பீலிக்குக் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, அந்தப் பாக்குவெட்டியை எடுத்துப் பால் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து உள்ளே போடுவேன். துடைத்துத் திரும்ப வைத்துவிடுவேன். தினமும் செய்தேன். கொடி உதிர்ந்த பிறகும் செய்தேன்.

ஒரு நாள் அம்மா சீக்கிரமாக வந்துவிட்டாள். ஈரத் தலையோடு பேரனிடம் குனிந்தவள், தலையணையைச் சரிசெய்யக் கைவிட்டு, பாக்குவெட்டியைத் தொட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னடி இது, இப்படிச் சுடுது?"

நான் பேசவில்லை. அம்மா பாக்குவெட்டியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்து கொட்டாவி விட்டான். அம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. அந்தக் கத்தியை மடித்து விரித்துக்கொண்டு இருந்த நாட்களுக்குப் பிறகு அந்த முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"காவல் காக்குது" என்றாள். "பாத்தியா? இந்தத் தடவ இரும்பு முழிச்சுக்கிட்டு இருக்கு."

நான் தலையாட்டினேன்.